படகுத்துறையில் பைகளுக்குக் குளியல்

ஒரு பை வாங்க ஹூரியா ஆறு வாரம் எடுத்துக்கொண்டாள். புருஷனைத் தேர்ந்தெடுக்க அவளுக்கு இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அந்தக் கல்யாணத்துக்குக் கேக் செய்தவளே நான்தான், அதனால் சொல்கிறேன்.

நாட்டின் தென்கோடியில் இருக்கும் துறைமுகமான பிளஃப் ஊரில் அவள் வீடும் என் வீடும் அடுத்தடுத்து. என் சமையலறை ஜன்னலில் நின்றால் அவள் கொல்லை முழுக்கத் தெரியும். ஜன்னலை அங்கே வைத்தது நான் இல்லை, வீட்டைக் கட்டியவன். கண்ணுக்கு எதிரே நடப்பதைப் பார்க்காமல் பாத்திரம் கழுவ எனக்குத் தெரியாது.

ஹூரியா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். அவளுடைய அக்கா புருஷன் லாக்கி ஒவ்வொரு ஏப்ரலிலும் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு நீரிணைக்கு அந்தப் பக்கம் ராக்கியூரா தீவுக்குப் போவான். ஒரு வாரம் குடிசையில் தங்கல். காலையில் மான் வேட்டை, சாயங்காலம் பாறையில் உட்கார்ந்து தூண்டிலில் காட் மீன். ஒன்பது வருஷமாக ஹூரியாவும் கூடப் போகிறாள், சமையலுக்கு. துப்பாக்கிக் கழகத்தில் லாக்கியை நான்கு முறை தோற்கடித்தவள் தீவில் போய் உருளைக்கிழங்கு உரிக்கிறாள் என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். நாங்கள் சிரித்தோம்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, லாக்கி வீட்டு விருந்தில் அவள் வாயைத் திறந்தாள். நானும் அந்த மேஜையில்தான் இருந்தேன்.

"இந்தத் தடவ நான் துப்பாக்கியோட வரேன் லாக்கி. சமையலுக்கு வேற ஆளப் பாத்துக்க."

லாக்கி வாயில் இருந்ததை மென்று விழுங்கினான். "வேட்டைக்கு வரவங்களுக்குப் பை விதி இருக்கு. தெரியும்ல?"

தெரியாமல் என்ன. புறப்படும் நாளில் எல்லோருடைய பையையும் சங்கிலித் துண்டோடு சேர்த்துக் கயிற்றில் கட்டி, படகுத்துறையிலிருந்து தண்ணீருக்குள் இறக்குவான். ஓர் ஆட்டிறைச்சிப் பையைத் தின்று முடிக்கும்வரை அது உள்ளேயே கிடக்கும். (தின்கிற பை வேறு, மாவு ஓட்டுக்குள் கறி வைத்துச் சுட்டது. எங்கள் ஊரில் அதற்கும் அதுதான் பெயர்.) பிறகு தூக்கித் திறந்து பார்ப்பார்கள். எவன் காலுறை நனைந்திருக்கிறதோ அவன் அந்த வாரம் ஹூரியாவோடு சேர்ந்து சமைக்க வேண்டும். விளையாட்டாகத் தெரிந்தாலும் விஷயம் உண்டு. தீவில் அவர்கள் இறங்கும் இடத்தில் துறை கிடையாது. படகிலிருந்து பாறைக்குப் பையை வீச வேண்டும், பாதி கடலில்தான் விழும். நனைந்த கம்பளித் துணியோடு, எங்கள் பக்கத்தில் குளிர் தொடங்கும் ஏப்ரலில் ஒரு வாரம் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சமையல்காரிக்கு இதுவரை அந்தச் சோதனை இல்லை. ஹூரியா தன் துணிகளைக் குப்பை உறை இரண்டில் கட்டிக்கொண்டு போவாள்.

"உன் பைக்குள்ள ஒரு சொட்டு போனாலும் கரண்டி உன் கையிலதான். அப்புறம் பேச்சு மாறக்கூடாது," என்றான் லாக்கி.

"உனக்கும் அதே விதிதான?"

"விதியப் போட்டதே நான்தான்மா."

மறுநாளே அவள் கிளைட் கடையிலிருந்து முதல் பையைக் கொண்டுவந்தாள். கித்தான் துணி, தோல் பிடி, பார்க்க அழகு. அதில் நாற்பது கிலோ உருளைக்கிழங்கைப் போட்டுத் துணி காயவைக்கும் கம்பத்தில் தொங்கவிட்டாள். மூன்றாம் நாள் பிடி தையலோடு பிய்ந்து வந்தது. கிழங்குகள் என் வாசல்வரை உருண்டன. பெரும்பாலானவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இரண்டாவது பை மெல்லிசு, தண்ணீர் புகாது என்று கிளைட் சத்தியம் செய்தான். அதற்குள் செங்கல் அடுக்கிக் கடற்கரைப் பாறையில் இழுத்துக்கொண்டு நடந்தாள். திரும்பி வரும்போது அடியில் என் கட்டைவிரல் போகிற ஓட்டை.

"ஹூரியா, நீ பை வாங்குறியா, இல்ல என் பொழப்பக் கெடுக்குறியா?" என்று கிளைட் கேட்டானாம்.

"கிழியாதத முதல்லயே குடுத்திருந்தா நான் ஏன் திரும்ப வரேன்?"

மூன்றாவது பை லாரிப் படுதா போல் தடிமன். பிடியின் பட்டை ஓரத்தில் முடியாமல் அடிவயிற்றைச் சுற்றி வந்து தைக்கப்பட்டிருந்தது. கம்பத்தில் ஒரு வாரம் தொங்கியது, பிய்யவில்லை. பாறையில் இழுத்தாள், கீறல்தான். மீன் ஆலைக் குளிர்பதன அறையில், எனக்குத் தெரிந்தவர் மூலமாக, உப்புத் தண்ணீரில் நனைத்து ஒரு பகல் முழுக்க வைத்தோம். ஈரக் கம்பளிக் கையுறையோடு ஜிப்பை இழுத்தாள். வந்துவிட்டது.

கடைசிச் சோதனை என் வீட்டுக் குளியல் தொட்டியில். அவள் வீட்டில் தொட்டி இல்லை. பழைய செய்தித்தாள்களை உள்ளே வைத்து முழுக்கினாள். தூக்கிப் பார்த்தால் ஊறிப்போயிருந்தது. ஹூரியா தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவ்வளவுதான் ஆன்ட்டி. இந்த வருஷமும் கெழங்கு உரிக்கத்தான் போறேன்."

அப்படியே அரை மணி நேரம் பையை மடியில் போட்டு முறைத்துக்கொண்டிருந்தாள். பிறகு ஜிப்பை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். மூடியாயிற்று என்று நாம் நினைக்கிற இடத்துக்கு அப்பால், ஒரு விரற்கடை தூரத்தில், ரப்பர் குழி ஒன்று இருந்தது. முழு பலத்தோடு இழுத்தால்தான் ஜிப் அதற்குள் போய் உட்காரும். மெழுகுவர்த்தியைத் தேய்த்து இழுத்து உட்காரவைத்தாள். திரும்ப முழுக்கினோம். செய்தித்தாள் மொறமொறப்பாக வெளியே வந்தது.

அன்று மாலை லாக்கி மனைவியை வழியில் பார்த்தேன். ஹூரியா எந்தப் பை எடுத்தாள், எத்தனை சோதனை செய்தாள் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. ஜிப் விஷயத்தை மட்டும் அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு நாளில் லாக்கியும் அதே பையை, அதில் பெரிய அளவாக, வாங்கி வந்துவிட்டான். ஆறு வாரத்து உழைப்பு அவனுக்கு அரை மணியில் கிடைத்தது.

புறப்படும் காலையில் படகுத்துறைக்குப் பாதி ஊர் வந்திருந்தது. ஐந்து பைகளும் தண்ணீருக்குள் இறங்கின. லாக்கி தன் இறைச்சிப் பையை நிதானமாகத் தின்றான், மேலோட்டின் ஓரம்வரை. ஹூரியா கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு கயிற்றையே பார்த்தாள்.

மற்ற மூவரின் பைகள் வந்தன. ஒன்றில் லேசான ஈரம். அந்த ஆள் முகம் தொங்கிப்போனது. அடுத்து ஹூரியாவின் பை. லாக்கியே திறந்து கையை உள்ளே விட்டுத் துழாவினான். காலுறை ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான்.

"காஞ்சிருக்கு," என்றான், பல்வலிக்காரன் மாதிரி.

கடைசியாக அவனுடைய கயிறு. ஒற்றை ஆள் இழுத்தான், அசையவில்லை. இரண்டு பேர் இழுத்தார்கள். மூன்றாவது ஆள் சேர்ந்த பிறகுதான், கன்று போடப்போகும் பசுவின் வயிறு போல உப்பிக்கொண்டு பை மேலே வந்தது. வெளியே இருக்கும் தண்ணீரை உள்ளே விடாத பை, உள்ளே புகுந்த தண்ணீரையும் வெளியே விடாதல்லவா. திறந்ததும் லாக்கியின் ஒரு வாரத்து உள்ளாடைகளும் துறையில் நீந்தின.

"பையி சரியில்ல. கிளைட் ஏமாத்திட்டான்," என்றான் லாக்கி.

"பையி நல்ல பையி," என்றாள் ஹூரியா. குனிந்து ஜிப்பின் முனையைக் காட்டினாள். "ஒரு வெரக்கட மூடாம வுட்டுருக்க. இழுத்துப் பாரு."

அவன் இழுத்தான். டக்கென்று போய் உட்கார்ந்தது. கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது. பை லேசாக நனைந்தவன் மெல்ல, "லாக்கி, என்னுது சொட்டுதான், உன்னுது கொளம்," என்றான்.

நழுவுவான் என்றுதான் நினைத்தேன். ஆனால் லாக்கி தொப்பியைக் கழற்றிக் கசக்கினான். "ஹூரி, கெழங்கு எத்தன மூட்ட எடுத்து வச்சிருக்க?"

"ரெண்டு. தோல் சீவ வேணாம், கழுவினாப் போதும்."

அவர்கள் ஏழு நாள் கழித்துத் திரும்பினார்கள். ஐந்தாம் நாள் காலை, ஒரே குண்டில், வெள்ளை வால் மான். அந்த வகை மானை இருபது வருஷமாகத் தேடி லாக்கி வாலைத்தான் பார்த்திருக்கிறான். இதை எனக்குச் சொன்னது ஹூரியா இல்லை, லாக்கியே. துறையில் இறங்கியதும் கண்ணில் பட்டவர்களை எல்லாம் நிறுத்தி, "என் கொழுந்தியா அடிச்சது," என்றான், தானே வளர்த்து அனுப்பிய மாதிரி.

ஹூரியா ஒரு தோளில் துப்பாக்கி, மறு தோளில் பையோடு இறங்கினாள். தூக்க வந்தவர்களிடம் எதையும் கொடுக்கவில்லை. வண்டியில் ஏறச் சொன்னதற்கும் மாட்டேன் என்றாள். வருஷம் முழுக்க பஸ்ஸில் திரிகிறவள், அன்றைக்குப் பெரிய தெரு நெடுக நடந்தே வந்தாள். நான் ஓரடி பின்னால் நடந்தேன். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை, கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டுமே.