எதிர்வீடு சாயும் படம்

சொந்தபந்தங்கள் அவளுக்கு வைத்த பெயர் அசையாப்படம். ஏன் வைக்கமாட்டார்கள்? பெரிய படங்களில் உதவி ஒளிப்பதிவாளராகக் கைநிறையச் சம்பாதித்தவள், ஒருநாள் அத்தனையையும் உதறிவிட்டு, பரிசோதனைப் படம் எடுக்கிறேன் என்று சொந்தக் கேமராவோடு கிளம்பிவிட்டாள். கொதிக்கும் தண்ணீரின் ஆவி ஒரு படம். காலி நாற்காலியின் மேல் வெயில் நகர்வது ஒரு படம். அதற்குப் பரிசுகூடக் கிடைத்தது. அக்கா புருஷன் பார்த்துவிட்டு, "யாராவது வந்து உட்காருவாங்கன்னு கடைசிவரைக்கும் கண்கொட்டாம பார்த்தேம்மா, ஏமாத்திட்ட" என்றார்.

பிடிவாதத்தின் உச்சம் ஜன்னல் படம்தான். மூன்றாம் மாடியில் தன் வீட்டு ஜன்னலின் சிமெண்டுத் திட்டில் கேமராவை போல்ட் போட்டு இறுக்கினாள். தெருவுக்கு அந்தப்பக்கம் அக்கா குடியிருக்கும் கட்டடம். தினமும் காலையில் கேமராவிலிருந்து தொங்கும் ஒயரின் முனைப் பொத்தானை அழுத்தினால் ஒரே ஒரு ஃபிரேம். அவ்வளவுதான். அதற்குமேல் கேமராவைத் தொடமாட்டாள், கண் வைத்தும் பார்க்கமாட்டாள், வேறு யாரும் தூசி தட்டினால் கொன்றேவிடுவாள். கை பட்டால் அசைந்துவிடுமாம். ஃபிலிம் சுருள் தீரும்வரை லேபில் கழுவவும் முடியாது. வருஷக்கணக்கில் என்ன எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

சுருள் ஒருவழியாகத் தீர்ந்தது. கழுவி வந்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாக உட்கார்ந்து சுவரில் ஓட்டினாள்.

அக்கா வீட்டு பால்கனி. கொடியில் குழந்தைத் துணிகள் படபடத்து, சட்டென்று பள்ளிச் சீருடைகளாயின. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பிறகு சிரிப்பு போயிற்று. பால்கனிக் கம்பி ஒரு பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது. கம்பி மட்டுமா? கட்டடமே வலப்பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது, யாரோ மெதுவாகத் தள்ளுவதுபோல. மறுபடி ஓட்டினாள். சந்தேகமே இல்லை. செருப்புகூடப் போடாமல் ஓடினாள்.

"அக்கா! பிள்ளைங்களைக் கூட்டிட்டு வெளிய வா! உங்க கட்டடம் சாயுது!"

"என்னடி உளர்ற? அடுப்புல சோறு இருக்கு."

"சோறு கிடக்கட்டும்! அணைச்சிட்டு வா!"

அவள் முகத்தைப் பார்த்து அக்கா பயந்தேபோனாள். இவள் அக்காவையும் பிள்ளைகள் இருவரையும் தரதரவென்று இழுத்து, தெருவைத் தாண்டி, படியேற்றித் தன் வீட்டில் உட்காரவைத்த பிறகுதான் மூச்சே விட்டாள். இனி பயமில்லை என்று நினைத்தாள். பாவம்.

அக்கா புருஷன் பின்னாலேயே வந்தார். "நேத்துதான் வாடகை உயர்த்தினாரு வீட்டுக்காரர். சாயற வீட்டுக்கா அந்த வாடகை? எங்க, உன் படத்தைக் காட்டு பார்ப்போம்."

ஜன்னல்களைச் சாத்தப் போனாள். ஒரு ஜன்னல் வழக்கம்போல் மூடவில்லை. தச்சர் வந்து அதை இழைத்துக் கொடுத்தது போன மாதம்தான். இந்த வீட்டுக் கதவு ஜன்னல் எல்லாமே இப்படித்தான், மரம் ஊதிக்கொள்கிறது என்று விட்டுவிட்டாள். திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படத்தை ஓட்டினாள்.

படம் ஓடிய இரண்டு நிமிஷமும் அவர் கண்கொட்டாமல் பார்த்தார். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார்.

"ஏம்மா, எங்க வீடு மட்டுமா சாயுது? மூலையில பாரு, செல்போன் டவரும்தான் சாயுது. அந்தத் தண்ணி டேங்கும் சாயுது. ஊரே சாயுதா?"

அவள் பார்த்தாள். அதுவரை அவள் கண் அக்காவின் பால்கனியை விட்டு நகரவே இல்லை. எங்கோ தூரத்துக் கோபுரம், டேங்க், மின்கம்பம் எல்லாம் ஒரே பக்கம், ஒரே அளவு சாய்ந்தன. எல்லாம் சேர்ந்து சாய்ந்தால் சாய்வது கேமரா. இது அவள் தொழிலின் அரிச்சுவடி. கேமராவை இறுக்கியிருந்தது இந்த வீட்டில்.

உள்ளறையில் பிள்ளைகள் கட்டிலில் குதிக்கும் சத்தம் கேட்டது. எமன் வாயில் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டேனே!

"குதிக்காதீங்க!" என்று அலறினாள். "எல்லாரும் கீழ! மாமா, சின்னவளைத் தூக்குங்க!"

"இப்பத்தானேடி இங்க வரச்சொன்ன?" என்றாள் அக்கா.

"என் வீடுதான்க்கா சாயுது! ஓடு!"

இறங்கும்போதே ஒவ்வொரு மாடியிலும் கதவைத் தட்டி, "கட்டடம் சாயுது! அதான் ஜன்னல் மூடலை!" என்று கத்தினாள். முதல் மாடித் தையல்காரர், "உங்க வீட்டுக் கதவும் மூடமாட்டேங்குதா?" என்று கேட்டார். கேட்டதும் அவர் முகம் வெளிறியது. மற்றவர்களை அவரே இழுத்து வந்தார். தீயணைப்பு வண்டி வந்து, அடித்தளத்தில் வெடித்துக் கிடந்த தூணைப் பார்த்து, தெருவையே காலிசெய்தது.

அன்று மாலை, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவள் கட்டடம் இடிந்து உட்கார்ந்தது. மூன்றாம் மாடி ஜன்னலும் அதிலிருந்த கேமராவும் தூசிக்குள் போயின. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் அவள், சாய்கிற வீட்டுக்குள் அந்தப் பிள்ளைகளை இழுத்துப்போன கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அக்கா அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "இத்தனை வருஷம் எங்க வீட்டையே பார்த்தியே, உன் வீட்டைப் பார்க்கலையேடி?"

"கேமரா அசையலன்னு நெனச்சேன்க்கா."