கம்பளிக் கரடி

சவூதியின் தம்மாமிலிருந்து இம்தியாஸ் வந்து இறங்கி நான்கு நாள் ஆகியும், மகள் மெஹ்ரீன் அவன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் அம்மா இர்பானாவுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்வாள். சாக்லேட்டை நீட்டினால் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடிவிடுவாள்.

இத்தனைக்கும் மூன்று வருடமாக அவர்கள் இருவரும் பேசாத நாள் கிடையாது. அங்கே அவன் ஏ.சி. வேலை முடிந்து அறைக்குத் திரும்பும் நேரமும் இங்கே அவள் தூங்கப் போகும் நேரமும் ஒன்று. வீடியோ காலில் அவன் கதை படிப்பான். அவன் சின்ன வயதில் கிழியும்வரை படித்த கரடியின் டீக்கடைக் கதைதான். போன லீவில் புத்தகக் கண்காட்சியில் அதைப் புது அச்சில் பார்த்ததும் இரண்டாக வாங்கி, ஒன்றை அவளிடம் கொடுத்துவிட்டு மற்றதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனான். காட்டில் கரடி டீக்கடை போடும். எல்லா மிருகமும் பயந்து தூரத்திலேயே நிற்கும். இஞ்சி டீ வாசனைக்கு முதலில் முயல் வரும், அப்புறம் ஒவ்வொன்றாக வரும். எத்தனை தடவை படித்தாலும் மெஹ்ரீனுக்கு அலுக்காது.

ஐந்தாம் நாள் மாடி அறையில் படுத்திருந்தபோது அவன் போன் அடித்தது. இர்பானாவின் நம்பர். எடுத்தால் திரையில் மெஹ்ரீன்.

"அத்தா, இன்னிக்கு கரடி கதை படிக்கலையா?"

"நீ எங்கம்மா இருக்க?"

"அடுப்பங்கரைல."

சிரிப்பு வந்தது அவனுக்கு. பாதியிலேயே நின்றும் போனது. இறங்கிப் போனால் பதினான்கு படிதான். போனால் ஓடிவிடுவாள். படுத்தபடியே முழுக் கதையும் படித்தான். முடிந்ததும் அவள் வழக்கம்போல திரைக்கு முத்தம் கொடுத்துவிட்டு வைத்தாள்.

"போனுக்குள்ள இருந்தாத்தான் நான் அவளுக்கு அத்தா போல" என்றான் இர்பானாவிடம்.

"புள்ளைங்க அப்படித்தாங்க. இறங்கி வர நாளாகும்" என்றாள் அவள். கொஞ்ச நேரம் கழித்து, "வர்ற ஞாயித்துக்கிழமை அவளுக்கு ஏழு முடியுது. அவ க்ளாஸ் புள்ளைங்களக் கூப்பிட்டு, மொட்டை மாடில அந்தக் கரடி டீக்கடையையே போட்டுடுவோமா? புள்ளைங்க மிருகமா வேஷம் போட்டுட்டு வரட்டும். நீங்கதான் கரடி" என்றாள்.

"நானா?"

"வேற யாரு? அந்த வயிறு யாருக்கு இருக்கு இந்த வீட்ல?"

கரடித் தோலுக்கு எங்கே போவது என்று அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் பீரோவைத் திறந்துவிட்டாள். போன தடவை அவன் வாங்கி வந்த பழுப்பு நிறக் கம்பளி, கவர்கூடப் பிரிக்காமல் நாப்தலின் உருண்டை வாசனையோடு இருந்தது.

"இர்பானா, இது நல்ல சரக்கு. ஏர்போர்ட்ல எடை கூடிப் போச்சுன்னு என் சட்டையெல்லாம் எடுத்து வெளிய போட்டுட்டு இதக் கொண்டுவந்தேன்."

"மாஷா அல்லாஹ், நல்ல சரக்குதான். திருச்சி வெயில்ல இத யாரு போத்துவா, சொல்லுங்க?" என்று கேட்டுக்கொண்டே கத்திரியைப் போட்டாள்.

அவள் தையல் மெஷின் மூன்று நாள் ஓடியது. அட்டைப் பெட்டிக்குக் கம்பளி சுற்றித் தலையானது. கண்ணுக்குச் சோடா மூடி. மெஹ்ரீனுக்கு வெள்ளைச் சட்டையும் நீளக் காதுகளும் தைத்தாள். சனிக்கிழமை காலையில் இருவரும் காந்தி மார்க்கெட்டுக்குப் போய் இஞ்சியும் வாழைக்காயும் ஒரு தார் பூவன்பழமும் வாங்கி வந்தார்கள். ஆட்டோவில் தாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இம்தியாஸுக்கு, மகளின் பிறந்த நாளுக்குத் தான் ஊரில் இருப்பது இதுதான் முதல் தடவை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு மாடி நிறைந்துவிட்டது. புலி, மான், இரண்டு குரங்கு, இர்பானாவின் தோழி பானுமதி ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் கூட்டி வந்த அவள் மகள் மயில். பக்கத்து வீட்டு கமருன்னிசாவின் மகன் அயான், நாலு வயது, முதுகில் மூன்று கோடு வரைந்த அணில். பெஞ்சு, கண்ணாடி கிளாஸ்கள், தொங்கும் பழத்தார் என்று டீக்கடை தயாராக இருந்தது. டீக்குப் பதில் இஞ்சி தட்டிப்போட்ட பால்.

மாடிப்படி அறையில் இம்தியாஸ் கரடியாகிக்கொண்டிருந்தான். தலை முன்பக்கமாகச் சரிந்துகொண்டே இருந்ததால், இர்பானா அதைக் கழுத்தோடு சேர்த்து நான்கு தையல் போட்டுவிட்டாள்.

"மூச்சு வருதா?"

"இப்ப வருது."

"அப்ப போங்க."

அவன் ஒரு கையில் டீ போணியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, கதையில் கரடி சொல்வதுபோலக் கட்டைக் குரலில், "சூடா டீ குடிக்க யாரு வர்றீங்க?" என்றான்.

அணில்தான் முதலில் அலறியது. அந்த அலறலைக் கேட்டு மான் அழுதது. அடுத்து யார் எதற்கு அழுகிறார்கள் என்றே தெரியாமல் எல்லாரும் அழுதார்கள். புலி பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொண்டது. கிளாஸ் இரண்டு உருண்டு உடைந்தது. கமருன்னிசா ஓடி வந்து அயானைத் தூக்க, அவன் அவள் தோளிலிருந்தும் கரடியைப் பார்த்துப் பார்த்துக் கத்தினான். சோடா மூடிக்குக் கீழே இருந்த ஓட்டை வழியாக இம்தியாஸ் மெஹ்ரீனைத் தேடினான். அவள் அசையாமல் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மெல்லப் பின்வாங்கி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

படியில் உட்கார்ந்ததும் வியர்வை காலுக்குள் இறங்கியது. தலையைக் கழற்றப் பார்த்தான். வரவில்லை. கையை வெளியே எடுக்கலாம் என்றால் கையுறை மணிக்கட்டோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது. மூன்று வருடம் கழித்து வந்து பிள்ளையின் விழாவையும் கெடுத்தாயிற்று. நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் அவளை என்ன சொல்வார்களோ. வெளியே இர்பானா பிள்ளைகளைச் சமாதானப்படுத்தும் குரல் கேட்டது.

கம்பளிக்குள் எங்கோ போன் அடித்தது. சட்டைப் பையில் இருந்தது அது. அடித்து நின்றது. மறுபடி அடித்தது. கதவு திறந்து, வெள்ளைக் காதுகள் இரண்டு உள்ளே நீண்டன. காதில் அம்மாவின் போனை வைத்தபடி மெஹ்ரீன்.

"அத்தா, போன எடுக்க மாட்டேங்கறீங்க?"

"கை வெளிய வரலம்மா."

அவள் கரடியின் கையைப் பார்த்தாள். போனை இறக்கினாள்.

"உள்ள சூடா இருக்கா?"

"ரொம்ப."

"தலையக் கழட்டுங்க."

"அம்மா தச்சுட்டா."

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. போனைப் படியில் வைத்துவிட்டு வந்து, அவன் மடியில் முட்டி போட்டு ஏறி, கழுத்துத் தையலைத் தேடினாள். நகத்தால் இழுத்துப் பார்த்தாள். முடியாமல் வாயை வைத்துக் கடித்தாள். கம்பளி ரோமம் வாய்க்குள் போய்த் துப்பினாள். "ஆடாதீங்க" என்று அதட்டிவிட்டு அடுத்த தையலைக் கடித்தாள். அவளுடைய எடை மொத்தமும் மடியில் இறங்கியிருந்தது. போனில் பார்த்ததைவிட அவள் கனமாக இருந்தாள். இம்தியாஸ் மூச்சைக்கூட மெதுவாக விட்டான்.

நான்காவது தையலும் அறுந்து தலை கழன்றபோது அவன் குளித்து எழுந்தவன்போல இருந்தான். அவள் தன் முயல்காது ஒன்றை இழுத்து அவன் நெற்றியைத் துடைத்தாள். முகத்தை வெகு பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இங்க ஒரு மச்சம் இருக்கு."

"ஆமா."

"போன்ல தெரியல."

"அது சின்ன மச்சம்மா."

பிறகு அவள் கரடியின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள்.

"யாரும் பயப்படாதீங்க. இது எங்க அத்தா" என்றாள் சத்தமாக. "சவூதிலேர்ந்து வந்திருக்காங்க. சட்டை பேன்ட் மட்டும்தான் கரடி."

மனிதத் தலையும் கரடி உடம்புமாக ஒருவரைப் பிள்ளைகள் பார்த்ததே இல்லை. முதலில் மயில் சிரித்தது. புலி பெஞ்சுக்கு அடியிலிருந்து வந்து அவன் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "இது நெசமா?" என்று கேட்டது. அயான் மட்டும் அம்மா இடுப்பை விடாமல், ஒரு பஜ்ஜி தின்று முடித்த பிறகே கீழே இறங்கினான். இறங்கியவன் கடைசிவரை கரடியின் கால்மேலேயே உட்கார்ந்திருந்தான்.

இம்தியாஸ் கதை படித்தான். சூடு பொறுக்காமல் நடுவில் மூன்று தடவை தண்ணீர் குடித்தான். முயல் வருகிற இடத்தில் மெஹ்ரீன் எழுந்து, புத்தகத்தில் இல்லாதபடி, "அண்ணே, ரெண்டு டீ, சர்க்கரை கம்மி" என்றாள். இர்பானா பக்கத்தில் நின்ற பானுமதியின் தோளில் சாய்ந்து சிரித்தாள்.

மறுநாள் காலையில் இர்பானா பஜ்ஜிச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது கூடத்தில் சண்டை கேட்டது. மெஹ்ரீனுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தான் இம்தியாஸ்.

"ஐயோ அத்தா, இழுக்காதீங்க! இந்தப் பக்கம் மேல போயிடுச்சு. உங்களுக்கு ஒண்ணுமே தெரியல."

"தெரியலம்மா. சொல்லிக் குடு."

"பிரிச்சுட்டு மொதல்லேர்ந்து போடுங்க. ஸ்கூல் வேனு வந்துடும்."

இம்தியாஸ் பிரித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தான்.