இடம் திருட்டுப் போகிறது

பூட்டு உள்ளங்கை அகலம் இருந்தது. அணைக்கட்டு அலுவலகத்தின் கம்ப்யூட்டர் அறைக் கதவில் அதைத் தலைமைப் பொறியாளரே முன்னின்று மாட்டவைத்திருந்தார். ஹார்டு டிஸ்கில் இடம் திருட்டுப் போகிறது என்று அவருக்குச் சந்தேகம். திருட்டு என்றால் பூட்டு. அவருடைய பொறியியல் அவ்வளவு தெளிவானது.

அலுவலகத்தில் அவருக்கு 'முழக்கம்' என்று பட்டப்பெயர். மணி என்ன என்று கேட்டால் கடிகாரம் எப்படித் தோன்றியது என்பதிலிருந்து ஆரம்பிப்பார். அணைக்கு ஐம்பது வயது நிறைவதை ஒட்டி அன்று பதினொரு மணிக்கு மேலிடத்துக் குழு வருவதாக இருந்தது. அணைச் சுவர் முழுக்க வெள்ளையடித்தாயிற்று. வாசலில் கல்வெட்டும் வைத்தாயிற்று. அதில் அணையின் பெயரைவிடத் தலைமைப் பொறியாளரின் பெயர் ஒரு விரல் உயரம் கூடுதல். அணையைப் பற்றி எடுத்த, ஆனால் பெரும்பாலும் அவரே தெரிகிற ஐம்பது நிமிடப் படத்தை டிஸ்கில் ஏற்றப் போனபோதுதான் 'இடம் போதாது' என்று வந்துவிட்டது. உடனே திருகாணிக்கு ஆள் மேல் ஆள் போயிற்று.

திருகாணி வெளியிலிருந்து வந்துபோகும் ரிப்பேர்காரன். சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைக்கும் இடத்தில் அவன் திருப்புளி வைத்திருப்பான். முதல் பஸ்ஸில் வந்தவன் வழக்கம்போலத் தங்கை வீட்டில் தலைகாட்டிவிட்டுத்தான் மேலே ஏறினான். தங்கையின் கணவர் மதகு இயக்குபவர். அந்த வாரம் பயிற்சிக்கு வெளியூர் போயிருந்தார். ஊழியர் குடியிருப்பு நாற்பது வீடுகளும் சுவரின் காலடியிலேயே இருந்தன. பின்கதவைத் திறந்தால் வானம் தெரியாது, சுவர்தான் தெரியும். அங்கே தங்கை வளர்த்த செடிகள் ஆள் உயரத்துக்கு நின்றன.

"நாலு மாசமா ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தலைண்ணா. மண்ணு தானா ஈரமா இருக்கு," என்றாள். "எல்லாம் என் கைராசி."

அவளுடைய இரண்டு பிள்ளைகளும் அந்தச் சேற்றில் அணை கட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். கைராசியைப் பாராட்டிவிட்டு டீயைக் குடித்து முடித்துத் திருகாணி படியேறினான்.

அலுவலகம் மலையின் தோளில், சுவரின் ஒரு முனையில் இருந்தது. பூட்டைத் திறந்துவிடக் காத்திருந்தவர் லென்ஸ் அக்கா. சுவருக்குள்ளே ஆள் நடக்கிற அளவுக்கு ஒரு குகைப்பாதை போகிறது. அதில் விரிசலை அளக்கும் கருவிகள் பன்னிரண்டு. ஒவ்வொன்றின் முள்ளையும் ஒரு சின்ன கேமரா நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்து டிஸ்குக்கு அனுப்பும். அந்தக் கேமராக்களின் கண்ணாடியைத் தினமும் துடைப்பது அக்காவின் வேலை. அன்று அவர் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். மீன் பிடிக்கக் கிளம்பிட்டீங்களா என்று கேட்டான்.

"செருப்புப் போட்டுப் போனா செருப்பு எனக்கு முன்னால மிதந்து போகுது தம்பி," என்றார் அக்கா. முழக்கத்திடம் சொல்லியிருக்கிறார். மனிதனுக்கு வியர்ப்பதுபோல கான்கிரீட்டுக்கும் வியர்க்கும் என்று அவர் முக்கால் மணி நேரம் விளக்கிவிட்டு இந்த பூட்ஸை வாங்கிக் கொடுத்தாராம்.

முழக்கம் அறைக்குள் நின்றபடியே புகாரை முழங்கினார். நாலு டெராபைட் என்று சொல்லி வாங்கியது. போன மாதம் இரண்டு காட்டியது. இன்றைக்கு ஒன்றுதான், அதுவும் நிரம்பிக் கிடக்கிறது. கடைக்காரன் மோசடியா, ஊழியர் திருட்டா என்று பதினொரு மணிக்குள் தெரிந்தாக வேண்டும்.

கொஞ்சம் குறைவது நியாயம்தான் என்று திருகாணி விளக்கினான். விற்பவன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறான், கம்ப்யூட்டர் ஆயிரத்து இருபத்துநாலு ஆயிரத்து இருபத்துநாலாக எண்ணுகிறது. அதனால் நாலு என்று வாங்கினால் மூன்று புள்ளி ஆறு என்றுதான் காட்டும். எங்கே வாங்கினாலும் அப்படித்தான். அப்படியானால் கம்ப்யூட்டருக்குக் கணக்கு வராதா என்று முழக்கம் கேட்டார். மீதி இரண்டரை எங்கே என்றும் கேட்டார். அவர் கேட்டதில் அந்த இரண்டாவது கேள்வி மட்டும் உருப்படியானது. அதைக் கேட்டுவிட்டு அவர் சொற்பொழிவு ஒத்திகைக்குப் போய்விட்டார்.

திருகாணி கேபிளைக் கழற்றி மாட்டினான். குப்பைத்தொட்டியைக் காலி செய்தான். ஒன்றும் நகரவில்லை. பிறகு டிஸ்கின் வரைபடத்தைத் திறந்தான். நீளமான ஒரு பட்டை. இடது பக்கம் கால்வாசிக்குச் சற்று அதிகம், பெயரோடு இருந்தது. மிச்சம் அத்தனையும் ஒரே பகுதி. அதற்குப் பெயரும் இல்லை, வாசலும் இல்லை. பெயர் கொடுக்காத பகுதி வெளியே கண்ணில் படாது. அது மெல்ல மெல்லப் பெருத்து, பெயர் உள்ளதை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது.

கண்டுபிடித்துவிட்ட குஷியில் அதற்கு ஓர் எழுத்தைப் பெயராகக் கொடுத்துத் திறந்தான். உள்ளே ஒரே ஒரு ஃபோல்டர். 'ஏழாம் நம்பர் தொல்லை.'

குஷி அங்கேயே வடிந்தது. அந்தப் பெயரை வைத்தவன் அவன்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏழாம் கருவியின் முள் உண்மையாகவே துருப்பிடித்து, ஆபத்து எல்லையைக் காட்டும் சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. சிவப்பில் மூன்று படம் தொடர்ந்து டிஸ்கின் அன்றாடப் பட்டியலுக்குள் வந்தால் அபாயச் சங்கு தானாக ஊதும். ஒரே வாரத்தில் இரண்டு தடவை ஊதியது. இரண்டாவது தடவை முழக்கம் பேசிக்கொண்டிருந்தபோது. ஜனங்கள் எழுந்து ஓடினார்கள். சங்கு ஒரு சாக்கு என்று சொன்னவர்களும் உண்டு. முழக்கம் அன்றைக்கே திருகாணியைக் கூப்பிட்டு, ஏழு பழுது பார்க்கப்படும் வரை அதன் சிவப்புப் படங்கள் பட்டியலுக்கு வராமல் ஏதாவது ஒரு மூலையில் போய் விழட்டும் என்றார். ஏழுக்கு மட்டும் என்று கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுத ஏழெட்டு வரி ஆகும். எந்தக் கருவியானாலும் சரி என்று எழுத ஒரே வரி போதும். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. ஒரே வரியை எழுதினான். நிறைந்துவிட்டது என்று திரும்பக் கூப்பிட்டு உயிரை வாங்கக் கூடாதே என்று, இடம் தீர்ந்தால் பக்கத்திலிருந்து தானாக எடுத்துக்கொள்ளவும் வழி செய்துவிட்டுப் போனான்.

ஏழைப் பழுது பார்த்தார்கள். மூலையை யாரும் நினைக்கவில்லை.

திருகாணி மாத வாரியாகப் பார்த்தான். முதலில் பழுது பார்க்கும் வரையிலான ஏழு. பிறகு ஒரு வருஷம் காலி. அப்புறம் ஏழு, இம்முறை துரு இல்லை, பளபளவென்று புது முள். இரண்டு மாதம் கழித்து எட்டு. பிறகு ஆறு. இந்த மாதம் ஒன்பது கருவிகள், ராப்பகலாக, நிமிடத்துக்கு ஒன்று. மாத அறிக்கையையும் எடுத்துப் பார்த்தான். 'பட்டியலில் உள்ள மூன்று கருவிகளும் இயல்பு நிலை. நூறு சதவீதம்.' மற்ற ஒன்பது என்ன ஆயிற்று என்று எழுதியவரும் கேட்கவில்லை, கையெழுத்துப் போட்டவரும் கேட்கவில்லை.

முழக்கம் கல்வெட்டின் முன்னால் நின்று, அசையாச் சுவர், அசையா உறுதி என்று கையை அசைத்துப் பழகிக்கொண்டிருந்தார். திருகாணி மூச்சிரைக்கச் சொல்லி முடிக்கும் வரை பொறுத்தார். பிறகு மூலையில் உள்ளதை அழித்துவிட்டால் இடம் கிடைக்குமா என்று கேட்டார்.

"கிடைக்கும் சார். ஆனா அது இடப் பிரச்சினை இல்லை. சுவர் பிளக்குது."

"கருவிக் கோளாறுன்னு ரெண்டு வருஷம் முன்னாலயே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். நான் கையெழுத்துப் போட்டப்புறம் அது விரிசல் ஆயிடுமா?" குரலைத் தாழ்த்தினார்; அவர் குரலைத் தாழ்த்தி யாரும் கேட்டதில்லை. "அந்த வரியை எழுதினது யாரு? நானா, நீயா? விசாரணைன்னு வந்தா யாரு உள்ள போவான்னு யோசிச்சுக்க. பத்தே முக்காலுக்குள்ள அழிச்சுடு. படம் ஓடணும்."

திருகாணி திரும்பி வந்து உட்கார்ந்தான். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தான். நிச்சயமாக அழிக்கவா என்று திரையில் ஒரு பெட்டி கேட்டது. உள்ளே போவது யார் என்பதில் அவனுக்குச் சந்தேகம் இல்லை. விரல் அங்கேயே நின்றது.

"அக்கா, ஏழுகிட்ட தண்ணி எவ்வளவு இருக்கு?"

"நேத்து முட்டி வரைக்கும்."

"இன்னிக்கு?"

"இன்னிக்கு உள்ள போகலை தம்பி. கதவு திறக்கலை." அக்கா பூட்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உள்பக்கமாத் தள்ளித் திறக்கிற கதவு. எவ்வளவு தள்ளினாலும், அந்தப் பக்கம் யாரோ சாஞ்சு நிக்கிற மாதிரி இருக்கு."

திருகாணி எதையும் அழிக்காமல் பெட்டியை மூடினான். போனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போ என்றான். அடுப்பில் உலை இருக்கிறது, கஞ்சியை வடித்துவிட்டுப் போகிறேன் என்றாள்.

"அடுப்பை அணைக்கக்கூட நிக்காத. கிளம்பு."

அவன் அப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. சரிண்ணா என்று போனை வைத்துவிட்டாள்.

பிறகு தன் பழைய வரியைத் தேடிப் பிடித்தான். அதே ஒரே வரி. அதை அழித்தான். மூலையில் சேர்ந்த படங்கள் பெயருள்ள பகுதிக்கே திரும்பிப் போகவும் வழி செய்தான்.

"அக்கா, வெளியே போய்ப் பூட்டுங்க. சாவியை எடுத்துக்கிட்டு கீழ போய் ஒவ்வொரு கதவாத் தட்டுங்க."

"நீ உள்ள இருந்தா?"

"அவர் வந்து நிறுத்திடுவாருக்கா."

அக்கா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அப்புறம் பூட்டு விழும் சத்தமும், பூட்ஸ் படியிறங்கும் சத்தமும் கேட்டன.

ஒன்பது முட்களின் படங்களும் பட்டியலுக்குள் வந்து விழுந்தன. அடுத்த நிமிடம் மறுபடி. மூன்றாவது நிமிடம் சங்கு ஊதியது. இரண்டு வருஷம் ஊதாத சங்கு. முதலில் இருமி, தூசியைத் துப்பி, பிறகு மலை முழுக்க அலறியது.

முழக்கம் வந்து கதவை உடைப்பதுபோல இடித்தார். பூட்டு நல்ல பூட்டு. அவரே பார்த்து வாங்கியது. யாரைக் கேட்டு ஊதவிட்டாய், குழுவின் வண்டி வளைவில் திரும்பிவிட்டது, நிறுத்து என்றார். சங்கின் முன்னால் அவர் குரல் எடுபடவில்லை. திரையில் பெயரில்லாதிருந்த பகுதி ஒவ்வொரு படமாகத் திருப்பிக் கொடுத்துச் சுருங்க, பெயருள்ள பகுதி விரிந்துகொண்டே போயிற்று. ஒன்று புள்ளி இரண்டு. ஒன்று புள்ளி மூன்று.

"இடம் திரும்பி வருது சார்," என்றான் திருகாணி கதவைப் பார்த்து.

ஜன்னலுக்குக் கீழே நாற்பது வீடுகளும் தெரிந்தன. சில கதவுகள் திறந்து, ஜனங்கள் வெளியே வந்து, விழா ஆரம்பித்துவிட்டது போல என்று அண்ணாந்து நின்றார்கள். ரப்பர் பூட்ஸ் ஒன்று வீடு வீடாக ஓடியது. மேட்டுப் பாதையில் ஒருத்தி இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக ஏறிக்கொண்டிருந்தாள். இன்னும் பாதித் தூரம் இருந்தது.

திருகாணி சுவரைப் பார்த்தான். புதிதாக வெள்ளையடித்த சுவர். அதன் நடுவில், ஏழாம் நம்பர் இருக்கும் உயரத்தில், ஈரம் கருப்பாக ஒரு கோடு போட்டிருந்தது. அவன் காலையில் படியேறும்போது அது அங்கே இல்லை.