ஒத்திகை பார்த்த ஆச்சரியம்

வேலைநாளில் கணவன் விடுப்பெடுத்தால் ஒன்று காய்ச்சலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் யார் வீட்டுக் கல்யாணமாவது இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல், காலையிலேயே சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, மகள் சிட்டுவின் தண்ணீர் பாட்டிலைத் தானே நிரப்பி எடுத்துக்கொண்டு "கிளம்பலாமா?" என்று வாசலில் வந்து நிற்கிற மனிதனை எப்படி நம்புவது? பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் குடும்பங்கள் சில சேர்ந்து மாதம் ஒரு கல்விச் சுற்றுலா போவார்கள். இதுவரை அவன் ஒன்றுக்கும் வந்ததில்லை. "ஊர் சுத்தறதுக்குப் பேர் படிப்பா?" என்று கேட்டவன்.

விபத்தில் நசுங்கிய கார்களைப் பார்வையிட்டு, உரிமையாளர் சொல்லும் கதை உண்மையா என்று காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்வது அவன் வேலை. பம்பரில் இருக்கும் கீறலை விரலால் தடவிப் பார்த்தே, இது லாரி இடித்ததா, சொந்த வீட்டு கேட்டில் உரசிக்கொண்டதா என்று சொல்லிவிடுவான். என் காதுல மட்டும் யாரும் பூ சுத்த முடியாது என்பது அவன் அடிக்கடி சொல்லும் பெருமை. போன வாரம் சாப்பிடும்போது தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான். "ஒரு தடவை நானும் வந்து நேர்ல பாக்கறேன். சிட்டு நிஜமாவே கத்துக்கறாள்னு தெரிஞ்சா அப்புறம் நான் வாயே தொறக்க மாட்டேன். இல்லேன்னா ஸ்கூல்ல சேத்துடலாம். சரியா?"

மனைவி சரி என்று சொல்லிவிட்டாளே தவிர அன்றைக்கு அவளுக்குத் தூக்கம் போயிற்று. வேலையை விட்டது, மாமியாரிடமும் நாத்தனாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டது எல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான். சிட்டுவோ அம்மாவோடு தனியாக இருந்தால் கிளி மாதிரிப் பேசுவாள், வேறு யாராவது கவனிக்கிறார்கள் என்று தெரிந்தால் வாயில் பூட்டு விழுந்துவிடும். "என்னடி படிக்கிற?" என்று அத்தை கேட்டதற்கு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளை. அப்பா கைகட்டி நின்று முறைத்தால் என்ன ஆகும்?

அதனால்தான் அவள் அந்த வேலையைச் செய்தாள். இந்த முறை சுற்றுலா, நகரத்துக் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு. செவ்வாய்க்கிழமைகளில் அங்கே யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம் என்று தெரிந்ததும், கணவன் அலுவலகம் போன பிறகு சிட்டுவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். கண்ணாடி போட்ட ஆய்வகப் பெண் ஒருத்தி சுற்றிக் காட்டினாள். ஒரு ஜாடியில் ஆற்றின் கலங்கல் தண்ணீரை எடுத்துப் படிகாரம் போட்டுக் கலக்கிவிட்டு, தொட்டிகளைப் பார்க்கக் கூட்டிப்போனாள். திரும்பி வந்தபோது ஜாடியின் மேல்பாதி கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. சிட்டு புருவத்தை உயர்த்தி, தலையை இடதுபக்கம் லேசாகச் சாய்த்து, "அம்மா, அழுக்கெல்லாம் எங்க போச்சு?" என்றாள். இதற்காகத்தானே இத்தனை பாடும் என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, "வெள்ளிக்கிழமையும் இதே மாதிரி கேக்கணும், என்ன? இன்னிக்கு அங்க போனது அப்பாவுக்குத் தெரிய வேணாம்" என்றாள். எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்கிற சிட்டு, அன்றைக்கு ஏன் என்று கேட்கவில்லை. "சரிம்மா" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை சுத்திகரிப்பு நிலையத்தின் வாசலில், குழுவுக்குத் தலைவியான பல் டாக்டர் தன் இரட்டைப் பையன்களை ஆளுக்கொரு கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். உள்ளேயிருந்து வந்தது அதே கண்ணாடிக்காரி. சிட்டுவின் அம்மா மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கண்ணாடிக்காரியின் பார்வை அவள்மேல் ஒரு நொடி நின்றது, சிட்டுமேல் நின்றது, பிறகு நகர்ந்தது. அடையாளம் தெரிந்ததா, இல்லையா? கணவன் கடைசி வரிசையில் கைகட்டி நின்றிருந்தான். அவன் ஜாடியைப் பார்க்கவில்லை, மகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்போ படிகாரம் போட்டாச்சு. என்ன ஆகும்னு நெனக்கிறீங்க?" என்றாள் கண்ணாடிக்காரி.

"வெடிக்கும்" என்றான் இரட்டையரில் ஒருவன்.

"வெடிச்சா முதல்ல உன் பல்லுதான் போகும், அம்மாவுக்கு வேலை மிச்சம்" என்றாள் பல் டாக்டர். எல்லோரும் சிரித்தார்கள்.

சிட்டு சிரிக்கவில்லை. கன்னத்தில் விரலை வைத்து யோசித்தாள். அதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. "கட்டி கட்டியா சேந்து கீழ போயிடுமோ?" என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

தொட்டிகளைச் சுற்றி வரும்போது கணவன் பின்தங்கிவிட்டான். திரும்பிப் பார்த்தால், கைப்பிடிக் கம்பியில் சாய்ந்துகொண்டு கண்ணாடிக்காரியோடு பேசிக்கொண்டிருக்கிறான். அவள் ஏதோ சொல்ல, இவன் தலையாட்டுகிறான். கீறலைத் தடவ ஆரம்பித்துவிட்டான் என்று அவளுக்கு உறைத்தது. மடியில் கனம் இருக்கிறவளுக்கு வழியெல்லாம் பயம்தான். தொட்டியில் நுரைத்துச் சுழலும் தண்ணீர் அவள் கண்ணில் படவே இல்லை.

திரும்பி வந்தார்கள். ஜாடி தெளிந்திருந்தது. சிட்டு இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். புருவத்தை உயர்த்தி, தலையை இடதுபக்கம் லேசாகச் சாய்த்து, "அம்மா, அழுக்கெல்லாம் எங்க போச்சு?" என்றாள்.

கண்ணாடிக்காரி, "கெட்டிக்காரப் பொண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு, அடியில் இருந்த வண்டலோடு கொஞ்சம் தண்ணீரை ஒரு சின்னப் பாட்டிலில் ஊற்றிச் சிட்டுவிடமே கொடுத்தாள்.

கணவன் மகளின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "இதுக்கு முன்னாடி எங்கயாவது இதைப் பாத்திருக்கியா?"

சிட்டு அப்பாவின் கண்ணை நேராகப் பார்த்தாள். "இல்லப்பா. நம்ம வீட்லயும் செஞ்சு பாக்கலாமா?"

அவன் அப்படியே மகளின் தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எழுந்தபோது அவன் கண் கலங்கியிருந்தது.

காரில் ஏறியதும் அவனே பேச்சை எடுத்தான். "நான்தான் தப்பா நெனச்சுட்டேன். இவ வீட்லயே படிக்கட்டும். ஸ்கூல் பேச்சை இனி எடுக்க மாட்டேன்." கொஞ்ச தூரம் போய், "படிகாரம் எந்தக் கடையில கிடைக்கும்னு அந்த மேடம்கிட்ட கேட்டு வெச்சிருக்கேன், வழியில வாங்கிடலாம்" என்றான். பிறகு, "அந்த மூஞ்சியைப் பாத்தியா நீ? அதெல்லாம் சொல்லிக் குடுத்து வராது" என்றான்.

ஜெயித்துவிட்டாள். வாயைத் திறந்து சிரிக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அந்த மூஞ்சியை அவள் பார்த்திருந்தாள். இன்றைக்கு மட்டுமல்ல. காந்தத்தில் ஊசி ஒட்டியபோது பார்த்திருக்கிறாள். ஊறவைத்த பயறு முளைவிட்டபோது, வரைபடத்தில் கடலைக் காட்டியபோது, தினமும் காலையில் சமையலறை மேஜையில் எதிரே உட்கார்ந்து அவள் எதைச் சொன்னாலும் அதே புருவம், அதே இடதுபக்கச் சாய்வு. அதைப் பார்த்துத்தான் மாமியாரிடம் வாதாடினாள். செவ்வாய்க்கிழமை அது நிஜம் என்று சத்தியம் செய்திருப்பாள். இப்போது எந்தக் கிழமையைப் பற்றியும் சத்தியம் செய்ய முடியவில்லை. அம்மா ஆசைப்படுகிறாள் என்று பிள்ளை எத்தனை நாளாக இப்படி ஆச்சரியப்பட்டுக்கொண்டிருக்கிறாள்? வாய்விட்டு அழ வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

சிக்னலில் கார் நின்றது. மேலே மின்கம்பியில் பறவைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மின்சாரக் கம்பியில் உட்காரும் பறவைக்கு ஏன் ஷாக் அடிப்பதில்லை என்பதை மழைக்காலத்தில் அவள் மகளுக்கு விளக்கமாகச் சொல்லியிருந்தாள். சிட்டு அதைப் படமாகவே வரைந்து, கீழே காரணத்தையும் தன் கையெழுத்தில் எழுதினாள். அந்தப் படம் இன்னும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.

கேட்காமல் இருந்திருக்கலாம். ஆனால் மனசு கேட்கவில்லை. பின்சீட்டைத் திரும்பிப் பார்த்து, சாதாரணமாகக் கேட்பதுபோல், "சிட்டு, அந்தக் கம்பியில உக்காந்திருக்கே, அந்தப் பறவைங்களுக்கு ஏன் ஷாக் அடிக்கலன்னு தெரியுமா?" என்றாள்.

சிட்டு ஜன்னல் வழியாகக் கம்பியைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், கொஞ்சம் அதிக நேரம்.

"ஏம்மா?" என்றாள்.

"அட, ஆமா, ஏன் அடிக்கல? எனக்கே தெரியாதே. சொல்லு, சொல்லு" என்றான் கணவன், கண்ணாடியில் மகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே.

பச்சை விழுந்துவிட்டது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். சிட்டு மடியில் பாட்டிலை இரண்டு கையாலும் ஆடாமல் பிடித்துக்கொண்டு, புருவத்தை உயர்த்தி, தலையை இடதுபக்கம் லேசாகச் சாய்த்து, அம்மா சொல்லப்போவதற்காகக் காத்திருந்தாள்.