மடங்காத காலுக்கு ஓர் இருக்கை

1

ஒரு கட்டுரையில் இடம் கிடைக்காமல் போன மனிதனிலிருந்து இந்தக் கதை வந்தது. 2003இல் ஒரு வார இதழின் மோட்டார் பக்கத்துக்கு எழுதக் கேட்டிருந்தார்கள்: டிக்கி வைத்த கார், டிக்கி இல்லாத கார், இரண்டில் எதில் உட்கார வசதி? இஞ்ச் டேப்போடு, திருவொற்றியூரை ஒட்டிய டோல்கேட் வாடகைக் கார் ஸ்டாண்டுக்குப் போனேன். கால் நீட்ட எவ்வளவு இடம், தலைக்கும் கூரைக்கும் எத்தனை விரல் என்று குறித்துக்கொண்டிருந்தேன். அப்போது வலது காலில் பலகை கட்டிய ஒருவன் ஒவ்வொரு காராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். என் எண்கள் அச்சில் வந்தன. அவன் வரவில்லை.

2

முதல் தொடக்கம்: *டோல்கேட்டில் வெயில் உருகி வழிந்த ஒரு*

(வேண்டாம். அன்று மேகமூட்டம்.)

இரண்டாவது: *தேசப்பன் பைத்தியம் இல்லை என்பதை முதலிலேயே*

(இதுவும் வேண்டாம். வாசகர் யாரும் அப்படிச் சொல்லவில்லை. நான் ஏன் சாட்சி சொல்ல முந்துகிறேன்?)

மூன்றாவது, பலகை கட்டிய அந்தத் தேசப்பனின் மனைவி மங்கையிடமிருந்து. மீன் கூடையோடு சாலையைக் கடந்தபோது லாரி மோதியது. இடது முட்டிக்குள் கம்பி வைத்தார்கள். கால் பிழைத்தது, மடங்காது. ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போன ஷேர் ஆட்டோவில் அந்தக் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வேறு வண்டி இடித்துவிடக் கூடாதே என்று ஆட்டோக்காரர் அவள் பாதத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார், சாத்தாங்காடு இரும்புச் சந்தையிலிருந்து கம்பி ஏற்றி வரும் வண்டிகளில் கட்டுவதைப் போல. நல்ல மனிதர்தான். மங்கை அதற்குப் பிறகு ஏழு மாதமாக வாசலைத் தாண்டவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை மீஞ்சூரில் மகள் அம்முவுக்கு வளைகாப்பு. அம்மா கையால் போட்டால்தான் முதல் வளையல் என்று அவள் சொல்லி அனுப்பியிருந்தாள். "நா வரல. இந்தக் காலைத் தூக்கிகினு ஊர்கோலம் போவ முடியாது" என்றாள் மங்கை.

(ஸ்டாண்டில் நடந்தது நான் பார்த்தது. வீட்டில் நடந்தது தேசப்பன் சொன்னதும் நான் சேர்த்ததும். எது எது என்று பிரித்துக் காட்ட இப்போது என்னால் முடியாது.)

3

தேசப்பன் மீன்பிடி லாஞ்சு ஓட்டுபவன். திருவொற்றியூர்க் குப்பத்தில் ஓர் ஐஸ் பெட்டியின் பலகையைப் பெயர்த்து, முட்டி மடங்காதபடி நைலான் கயிற்றால் இறுக்கி, அப்படியே பஸ் ஏறி டோல்கேட் வந்திருந்தான்.

"இன்னா நைனா, கால்ல கட்டுமரம் கட்டிகினு வந்துகீற?" என்றான் லூர்து. அவனுடையது டிக்கி வைத்த கார்.

"சம்சாரத்துக்கு முட்டி மடங்காது. அது எதுல ஒயுங்கா குந்தும்னு பாக்கணும்."

யாரும் சிரிக்கவில்லை. லூர்து பின்கதவைத் திறந்துவிட்டான். "நம்ம வண்டி சோபா மாறி. காலு நீட்டி படுத்துகினே போலாம்."

தேசப்பன் உட்காரவில்லை, விழுந்தான். சீட்டு அவ்வளவு தாழ்வு. நீளவாக்கில் கால் முழுசாக அடங்கியது. மெத்தை இடுப்பை உள்ளே வாங்கிக்கொண்டது. ஆனால் சாய்ந்து கிடந்தவன் கண்ணுக்குக் கூரைத் துணி மட்டும் தெரிந்தது. வெளியே எடுக்க இரண்டு பேர் வலை இழுப்பதுபோல் இழுக்க வேண்டியிருந்தது.

"படுத்துகினு போறதுக்கு அது இன்னா சீக்காளியா?" என்றான் இன்னாசி, டிக்கி இல்லாத குட்டைக் காரின் டிரைவர். "நம்மள்துல முன்னாடி குந்த வை. பராக்கு பாத்துகினு வரும்."

"குந்தலாம். அப்பால நீ எங்க குந்துவ? டயர் மேலயா?" என்று தேசப்பனைக் கேட்டான் லூர்து.

முன்சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளினார்கள். தேசப்பன் பலகைக் காலை முதலில் உள்ளே விட்டான், பிறகு உட்கார்ந்தான். உயரமான சீட்டு, விழ வேண்டியதில்லை. குதிகால் டேஷ்போர்டுக்கு அடியில் போய் நின்றது. சீட்டு கெட்டி. தொடையில் பாதிக்குத்தான் தாங்கல். அந்தச் சீட்டுக்குப் பின்னால் ஓர் ஆள் உட்கார வழியில்லை. ஆனாலும் கண்ணாடி வழியாகச் சாலை முழுக்கத் தெரிந்தது. கொஞ்ச நேரம் அவன் இறங்கவேயில்லை.

4

என் குறிப்பேட்டிலிருந்து: சீட்டின் உயரம் தரையிலிருந்து, டிக்கி வைத்ததில் பத்தொன்பது அங்குலம். மற்றதில் இருபத்துநான்கு. அந்த ஐந்து அங்குலத்தைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன்: "ஏறி இறங்கச் சுலபம்." யாருக்கு என்று கேட்டுக்கொள்ளவில்லை.

5

"இன்னாய்யா இது கோலம்?" என்றாள் மங்கை.

"இன்னாசி வண்டி சொல்லிட்டேன். முன்சீட்டு. காலு நேரா நிக்குதும்மே, நானே குந்திப் பாத்தேன்."

அவள் பலகையைப் பார்த்தாள். "எந்தக் கால்ல கட்டிகினு போன?"

"மடங்காத கால்லதான்."

"எனுக்கு மடங்காதது எது?"

தேசப்பன் குனிந்து பார்த்தான். தினமும் அவள் எதிரில் உட்கார்ந்து, குதிகாலை மடியில் வைத்து எண்ணெய் தேய்ப்பவன். அவன் உட்காரும் இடத்திலிருந்து அந்தக் கால் எப்போதும் அவனுடைய வலப்பக்கம்.

"ஏழு மாசமா தேய்க்கிற காலுய்யா அது!" முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவனும் சிரித்தான். அப்புறம் அவள் நிறுத்தினாள்.

"பஸ்லயும் இத்தோடவா வந்த?"

"ஆமா."

"குந்தினியா?"

"குந்துனேன். நடுவுல நீட்டிகினு இருந்துச்சு. ஒர்த்தன் தடுக்கி வுயுந்துட்டான். பேஜாரா பேசுனான்."

"நீ இன்னா சொன்ன?"

"எறங்குற வரிக்கும் ஜன்னலையே பாத்துகினு வந்தேன்."

மங்கை எட்டி அந்தக் கயிற்றின் முடிச்சை அவிழ்த்தாள். பலகையை ஓரமாக வைத்தாள். "ஞாயித்துக்கெயம வண்டிய வரச் சொல்லு" என்றாள்.

(இந்த இடம் சற்று அதிகமோ என்று இரண்டு முறை அடித்தேன். அவள் கை முடிச்சை விட்டு வரவில்லை.)

6

முதல் முடிவில் லூர்துவின் கார் வருகிறது. மங்கை பின்சீட்டில் காலை நீட்டி, யார் கண்ணிலும் படாமல் மீஞ்சூர் போய்ச் சேர்கிறாள். சௌகரியம்தான். அவள் கேட்டது அதுவா என்று தெரியவில்லை.

இரண்டாவது முடிவில் இன்னாசியின் காரில் சுலபமாக ஏறி, அம்முவின் கையில் வளையல் போடுகிறாள். எனக்கும் ஆசைதான். இஞ்ச் டேப் ஒத்துக்கொள்ளவில்லை. வலது கால் என்றால் முதலில் உள்ளே போயிருக்கும். இடது கால் கடைசியில்தான் வர வேண்டும், கதவுச் சட்டத்தைத் தாண்டி. நாலு விரல் இடிக்கிறது.

ஆகவே, ஞாயிறு காலை. சந்து முனையில் இன்னாசியின் கார். மங்கை உட்கார்ந்துவிட்டாள். வலது கால் உள்ளே. இடது கால் வெளியே, நேராக. எதிர் வீட்டுப் பெண்கள் அவளைப் பார்க்காமல் இருப்பதற்காக, அடுக்கிய கூடைகளையே திரும்ப அடுக்குகிறார்கள். தேசப்பன் மண்டியிட்டு அவள் குதிகாலை உள்ளங்கையில் ஏந்துகிறான்.

"பின்னால சாஞ்சுக்கம்மே."

"வுட்றாத."

"வுட மாட்டேன். சாஞ்சுக்க."

அவள் டிரைவர் சீட்டுப் பக்கம் நன்றாகச் சாய்ந்தால் நாலு விரலும் கிடைத்துவிடும். ஆனால் அந்தப் பக்கம் பிடிமானம் இல்லை. இறங்கி நிற்கும் இன்னாசி, தொடலாமா கூடாதா என்று தயங்குகிறான். இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை.

டிரைவர் பக்கக் கதவு திறந்துதான் இருக்கிறது. நீங்கள் சுற்றி வாருங்கள். அவள் தோளைத் தாங்கிக்கொள்ளுங்கள்.