பிடுங்கிய ஒயர்

மாலை நாலு மணிக்குள் அந்த வேலை முடிந்தால் சுமையா சொந்த ஊரான கம்பத்திலேயே இருந்துகொண்டு சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கலாம். முடியாவிட்டால் திங்கட்கிழமை பஸ் ஏறவேண்டும். பக்கவாதத்தில் விழுந்த அத்தா ஜெய்லானியை அம்மா ஆசியா ஒற்றை ஆளாகத் தூக்கிப் புரட்டவேண்டும்.

டெலிபோன் கம்பி வழியாகச் சென்னை சர்வருக்குள் நுழைந்து, ஐந்து மணி நேரம் ஓடுகிற வேலை ஒன்றை முடித்துக் காட்டவேண்டும். அதுதான் சோதனை. 2007 ஐப்பசி அது. யாராவது தும்மினாலே அறுந்துபோகிற லைன். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். போதாக்குறைக்கு, இடி கேட்டால் அம்மா ஓடிவந்து ஒயரைப் பிடுங்கிவிடுவாள். மின்னலில் ஒருமுறை போன் கருகியதிலிருந்து அப்படி. லைன் போனால் வேலையும் பாதியில் செத்துவிடும். இரண்டு தடவை செத்தது.

மூன்றாம் தடவைக்கு சுமையா சர்வரில் ‘ஸ்கிரீன்’ என்ற மென்பொருளை அமைத்தாள். லைன் அறுந்தாலும் வேலை அங்கே தன்பாட்டுக்கு ஓடும். மறுபடி நுழைந்து விட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளலாம். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் புரியாதாம். படித்த திமிர், வேறென்ன.

பத்தரைக்குத் தொடங்கினாள். மூன்று மணிக்கு அத்தாவுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு வந்தால் கம்ப்யூட்டர் திரை அசையாமல் கிடந்தது. வெளியே சுள்ளென்று வெயில். மலைப்பக்கம் ஒரு மேகம் இல்லை. அம்மா சுவரோரம் நின்றாள், கையில் ஒயர்.

“இடி எங்கம்மா?”

“இடியில்ல. நாந்தான் பிடுங்குனேன்.” ஆசியாவின் குரல் உடைந்தது. “எம்மக பெரிய உத்தியோகத்துல இருக்கான்னு ஒங்கத்தா ஊரெல்லாம் சொன்னாக. நீ இங்கன கெடந்து பீத்துணி அலசவா படிச்ச? போயிரு தாயி. நான் பாத்துக்கிருவேன்.”

சுமையாவுக்கு முதலில் கோபம்தான் பொங்கியது. பிறகு, ஒயரைப் பிடித்திருந்த அந்தக் கை அத்தாவைத் தூக்கித் தூக்கி வீங்கியிருப்பதைப் பார்த்தாள். ஒயரை வாங்கிச் செருகினாள். நாலைந்து தடவை தவறி, மூன்றே முக்காலுக்கு லைன் கிடைத்தது. விட்ட இடத்தைப் பிடிக்க ஒரு வரிக் கட்டளை அடித்தாள்.

“நின்னுபோச்சுல்ல?” என்றாள் ஆசியா.

“இல்லம்மா. முடிஞ்சிருச்சு.”

ஆசியா திரையையே பார்த்தாள். அதில் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. மகள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. “அப்ப நீ போகமாட்ட,” என்று சொல்லி அழுதாள். ரொம்ப நேரம் அழுதாள்.

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஒங்கத்தாவத் திருப்பிப் போடணும். வந்து ஒரு கை பிடி,” என்றாள்.