தபாலில் போன கலியாணச் செய்தி

தம்பி நிலக்ஷன் இங்கே ஜெர்மனியில் பான் பல்கலைக்கழகத்தில் அமெரிக்க வெளியுறவு வரலாற்றை ஆராய்ச்சி செய்கிறான். செய்யட்டும். அதை என் கலியாணத்தில் செய்து பார்த்திருக்க வேண்டாம்.

டுசல்டோர்ஃபில் எங்கள் தமிழ்ச் சங்கம் இரண்டாக உடைந்துவிட்டது. ஒன்றுக்கு மாமா தலைவர், மற்றதற்குப் பெரியப்பா. எங்கள் ஆட்களுக்குக் கலியாணத்தை வீடு தேடிப் போய்ச் சொல்ல வேண்டும். யார் வீட்டுக்கு முதலில் போகிறோமோ அவர்கள் பக்கம்தான் நாங்கள் என்று சனம் முடிவு கட்டிவிடும். அப்பா தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எங்கள் மேதை வாயைத் திறந்தான். 1793இல் பிரான்சும் பிரிட்டனும் சண்டை பிடித்தபோது அமெரிக்க ஜனாதிபதி வாஷிங்டன் எந்தப் பக்கமும் சேராமல் நடுநிலை அறிவித்தாராம். நாடு தப்பியதாம். ஆகவே ஒரு வீட்டுக்கும் போகாமல் எல்லோருக்கும் ஒரே நாளில் தபாலில் அனுப்புவோம் என்றான். அப்பாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. நான் வேண்டாம் என்று கத்தினேன். யார் கேட்டது?

பெரியப்பா வீட்டில் பேச்சுமூச்சில்லை. மாமாதான் தொலைபேசியில் கூப்பிட்டார். அகதியாக வந்திறங்கிய அப்பாவுக்குத் தன் ஒற்றை அறையில் இடம் கொடுத்தவர். என்னைக் கைபிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனவரும் அவர்தான்.

"அத்தான், எனக்கும் தபால்காரனோ வந்து சொல்லவேணும்? நான் வரேல்லை. பிள்ளை நல்லா இருக்கட்டும்."

அப்பா தொலைபேசியை வைத்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. தம்பியைப் பிடித்து, அந்தப் பிரான்ஸ் அமெரிக்காவுக்கு என்ன உறவு என்று கேட்டேன். சுதந்திரப் போரில் கூட நின்ற நாடு, உடன்படிக்கையே இருந்தது என்று முணுமுணுத்தான். பிறகு மனம் கசந்து, சில வருடங்களில் கடலில் சண்டையும் வந்ததாம். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்றால், அது அடுத்த அத்தியாயமாம்.

"பிறகு எப்பிடியடா சண்டையை விட்டு ராசியானவை?"

"உடன்படிக்கையை முறிச்சுப்போட்டுத்தான், அக்கா. அதுக்குப் பிறகு நூற்றைம்பது வருஷமளவு அமெரிக்கா ஒருத்தரோடையும் கூட்டு ஒப்பந்தம் செய்யேல்லை."

"எனக்கு வாற சனிக்கிழமை கலியாணமடா."

சப்பாத்தைக் காலில் மாட்டினேன். கலியாணப் பெண் தானே போய்ச் சொல்வது வழக்கமில்லை என்று அம்மா மறித்தார். பெரியப்பா அறிந்தால் அந்தப் பக்கத்தில் ஒருவரும் வர மாட்டார்கள் என்று அப்பா கெஞ்சினார். வராமல் விடட்டும் என்று சொல்லிவிட்டு மாமா வீட்டுக்கு வெளிக்கிட்டேன். எனக்கு மாமா வேண்டும்.